வூஜோ மதிலுக்குள்ளே

பிரான்சு தேசத்துப் பேர்கண்டிப் பகுதியில் வூஜோ என்றொரு சிற்றூர். முந்திரிகை மதுக் கல்வியின் உச்சமாகிய ‘மாஸ்டர் ஒவ் வைன்’ பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் நண்பர் ஒருவருடன் அங்கே சென்றோம். இலண்டனில் 1953இல் அது முதன்முதல் நடைபெற்றபொழுது தோற்றியோர் 21 பேர்; சித்தியெய்தியோர் 6 பேரே! பெயர் மறைத்த 36 மதுவகைகளைச் சுவைத்து, அவை பிறந்த இடமும் தரமும் கூறவேண்டும். சென்றமுறை நண்பர் தவறியது இதில்தான். (சுவைத்ததை விழுங்காது உமிழ்ந்துவிடுவர் என்பதை, முகஞ்சுளிக்கும் வாசகருக்குச் சொல்லிவைக்கிறோம்.)

சிஸ்தேர்சியத் துறவியர் பண்டு வளைத்த மதிலுக்குள் ஏறத்தாழ 125 ஏக்கர் முந்திரிகைத் தோட்டம். உடையவர்களோ 80 பேருக்கு மேல். எல்லார் மதுவுக்கும் ஒரே பெயர், ஒரே உயர்தரம். மேட்டிலே சுண்ணாம்புக்கல்மேல் மெல்லிய மண். பெருந்தெருவை நோக்கி இறங்க இறங்க, முதல்நாள் மழையில் ஊறிய களி எம் சப்பாத்துக்களைப் பற்றிக்கொண்டது. “நான் ஒரு பெயரையல்லவா மனனஞ் செய்தேன்!” என்றார் நண்பர்.

மாலையில் விடுதிக்காரர் இரு கிண்ணங்களை வைத்தார். ஒன்று மேட்டுநிலத்தது, மற்றது தாழ்நிலத்தது. நண்பர் நெடுநேரம் முகர்ந்து பார்த்து, மாற்றிச் சொல்லிவிட்டார். தாழ்நிலத்துத் தோட்டக்காரர் கைதேர்ந்தவராம். நண்பரின் முகஞ் சிவந்தது. பின்னர் குறிப்பேட்டைத் திறந்துவைத்து, இரண்டையும் மறுபடி வார்க்கும்படி வேண்டினார்.