பேத்தி என்னும் சொல்லும் நடுப்பெயர் என்னும் கட்டமும்

பெயரன் பேரன் ஆனதுபோலப் பெயர்த்தி பேத்தி ஆயிற்று. பெயரைத் தாங்குபவள் என்பது அதன் பொருள். மூதாதையரின் பெயரை மூன்றாம் தலைமுறைக்கு இட்டு வழங்கிய சமூகம், அவ்வழக்கத்தையே உறவின் பெயராகவும் ஆக்கிக்கொண்டது. இன்று பெண்குழந்தைக்குத் தொன்மையும் அழகும் வாய்ந்த பெயர் தேடுவோர் சங்க இலக்கியத்தைப் புரட்டுகின்றனர், பெயர்ப்பட்டியல்களைத் துழாவுகின்றனர். நாள்தோறும் நாவில் வழங்கும் இந்த உறவுச்சொல்லில் ஒரு விடை இருப்பது பலர் கண்ணில் படுவதில்லை.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழர்க்கு இத்தேடலில் கூடுதலான ஒரு சுமை உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. அன்று முதல் ஒரு குழந்தையின் பெயர் வீட்டில் தமிழிலும், ஊராட்சிப் பதிவேட்டில் மலையாளத்திலும், கடவுச்சீட்டில் ரோமன் எழுத்திலும் வாழ வேண்டியதாயிற்று. மூன்றிலும் உருக்குலையாத பெயரே இங்கே நல்ல பெயர்.

தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் பல மலையாளத்தில் அகரத்தில் முடியும். மலை அங்கே மல. தலை அங்கே தல. தாமரை அங்கே தாமர. ஆகவே தாமரை என்று பெயரிடப்பட்ட பெண் அண்டை வீட்டார்க்குத் தாமர ஆவாள். அதனால் பொருள் கெடுவதில்லை. ஆனால் ஆண்டாளின் பெயரான கோதையை இட்டால் நிலைமை வேறு. மலையாளத்தில் 'கோதா' என்பது மல்யுத்தக் களத்தைக் குறிக்கும் சொல். செய்தித்தாள்கள் தேர்தல் களத்துக்கும் அதையே எழுதுகின்றன. தேன்மொழி என்னும் பெயரில் தேனும் மொழியும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை. எனினும் மலையாளத்தில் மொழி என்றால் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ தரும் வாக்குமூலம் என்பதே இன்று முதலில் தோன்றும் பொருள். மறுபுறம், ழகரம் இரு மொழிகளிலும் உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பலர் நாவில் நழுவும் யாழினியின் ழகரத்தை மலையாள ஆசிரியர் பிழையின்றி ஒலிப்பார்.

ஐகாரம் எப்போதும் தோற்றுவிடுவதும் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே போராடியபோது, அவர்களது இயக்கத்தின் பெயர் 'பெம்பிளை ஒருமை'. மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. நம் பள்ளி இலக்கணத்தில் ஒருமை என்பதோ பன்மைக்கு எதிர்ச்சொல். இரு மொழிகளும் கலந்து வாழும் லயங்களில் பிறந்த அந்தப் பெயரை மலையாள இதழ்கள் ஐகாரம் கெடாமலே அச்சிட்டன. பெயருக்கு உரியவர்கள் உறுதியாக நின்றால் எழுத்து அவர்கள் பக்கம் வரும்.

பெயரின் எழுத்து இங்கே வெறும் அழகியல் சிக்கலும் அன்று. தோட்டத் தமிழர்களில் பட்டியல் சாதியினர் கேரளத்தில் சாதிச்சான்று பெற, 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே தம் குடும்பம் இங்கே குடியிருந்ததைக் காட்டவேண்டியுள்ளது. அதற்குப் பாட்டன், பாட்டி பெயர் தாங்கிய பழைய ஆவணங்களே துணை. மாரியம்மாள் ஓர் ஏட்டில் மாரியம்மை, மற்றோர் ஏட்டில் மாரியம்மா என்று நின்றால், மூன்றும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பேத்தியின் தலையில் விழுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிக் கடவுச்சீட்டு வரை பிறப்புச்சான்றே பிறந்த நாளுக்கான அடிப்படை ஆவணம் ஆகியிருக்கிறது. பெயரில்லாமலும் பிறப்பைப் பதிந்து, பின்னர்ப் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்த இடைவெளியில் பெயரை மூன்று எழுத்திலும் எழுதிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

அடுத்த சிக்கல் நடுப்பெயர். தமிழ்ப் பெயரிடலில் அப்படியொரு கட்டம் இல்லை. தலைப்பெழுத்தும் பெயருமே உண்டு. உலகப் படிவங்களோ இரண்டு, மூன்று பெயர்களைக் கேட்கின்றன. வளைகுடாவை நம்பியிருக்கும் கேரளக் குடும்பங்களுக்கு இது சிறு செய்தி அன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடவும் இயலாத நிலையில், பெரும்பாலானோர் தந்தையின் பெயரை அதில் இட்டு நிரப்புகின்றனர்.

அங்கே தந்தையின் பெயர்தான் நிற்கவேண்டும் என்று மரபு சொல்லவில்லை. பாலக்காட்டுத் திருநெல்லாயியில் பிறந்த டி. என். சேஷனுக்கு முதலெழுத்து ஊர், இரண்டாவது தந்தை நாராயண ஐயர். அதே மாவட்டத்துக் கூடல்லூரில் பிறந்த எம். டி. வாசுதேவன் நாயருக்கோ இரண்டு எழுத்துகளும் மாடத்து தெக்கேப்பாட்டு என்னும் தாய்வழித் தறவாட்டின் பெயர். தந்தையின் பெயருக்கு அதில் இடமில்லை. தமிழிசையில் எம். எஸ். சுப்புலட்சுமியின் 'எஸ்' தாயார் சண்முகவடிவு, எம். எல். வசந்தகுமாரியின் 'எல்' தாயார் லலிதாங்கி. நாடறிந்த இப்பெண்களின் நடுப்பெயர் தாயின் பெயராகவே இருந்திருக்கிறது. ஓரெழுத்தாகச் சுருங்கியதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டு பெயர் என்பதும் நமக்குப் புதிதன்று. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் மூத்த பெண்ணுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரை இடுவது வழக்கம். மாமியாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பதால் வீட்டில் வேறொரு பெயர் வழங்கும். ஒன்று மரபுக்கு, மற்றொன்று கூப்பிடுவதற்கு. அலமேலு என்று பெயரிடப்பட்டவர் உலகுக்குப் பட்டம்மாள் ஆனதும் இத்தகைய இரட்டைப் பெயர் வழக்கின் ஒரு கிளையே.

எல்லாப் பாட்டியரின் பெயரும் திரும்ப இடத்தக்கவையா என்று கேட்கலாம். அல்ல. மகனை எதிர்பார்த்து மகளைப் பெற்ற வீடுகள் 'போதும்பொண்ணு' என்று பெயரிட்டதுண்டு. அந்த இழிவைப் பேத்தி சுமக்கவேண்டியதில்லை. கருப்பாயி, பேச்சியம்மாள் போன்ற பெயர்களை இளம் பெற்றோர் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு. அவற்றை உச்சரித்ததும் கேட்பவர் சாதியையும் கூலிவேலையையும் கணித்துவிடுவார் என்னும் அச்சம் அது. குறை பெயரில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. ஆயினும் அதன் விலையைக் குழந்தை கொடுக்கும் என்பதால் அந்த அச்சத்தைப் பழிப்பதற்கில்லை.

இரண்டு கட்டங்கள் இருப்பது இங்கே உதவுகிறது. முதற்பெயரைக் குழந்தைக்காக விரும்பியபடி தேர்ந்துகொள்ளலாம். மூன்று எழுத்திலும் நிலைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாம் பெயரைப் பாட்டிக்கோ தாய்க்கோ உரியதாக்கி, பழைய ஆவணத்தில் உள்ள அதே எழுத்தில் முழுமையாக எழுதலாம். யாழினி மாரியம்மாள் என்று எழுதப்பட்ட பிறப்புச்சான்று, கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்த ஒருத்தியின் பெயரை அவள் காலடி படாத அலுவலகங்களுக்கெல்லாம் கொண்டுசெல்லும். பேத்தி என்னும் சொல் அதன் முழுப்பொருளில் வழங்குவது அப்போதுதான்.