வீட்டு ஞாபகம் வந்த புலி

கல்யாணமான புதிதில் புக்ககத்தில் சொல்லிக்கொள்ளாமல் பிறந்தகத்துக்குக் கிளம்பிவிட்ட பெண்களைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறோம். அப்படிக் கிளம்பிய மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதுண்டா? அந்த மாப்பிள்ளை ஒரு புலி!

சென்ற பங்குனியில் நானும் என் கணவரும் மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோ கோயில்களைப் பார்க்கப் போயிருந்தோம். "பக்கத்தில்தான் பன்னா காடு. புலி பார்த்துவிட்டுப் போகலாமே!" என்றேன்.

"வீட்டில் தினமும் பார்ப்பது போதாதா?" என்றார் அவர்.

ஆனாலும் போனோம். ஜீப்பில் வந்த வழிகாட்டி கதையைச் சொன்னான். கள்ளவேட்டையால் 2009-இல் பன்னாவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லையாம். அந்த மார்ச் மாதம் பாந்தவ்கர், கன்ஹா காடுகளிலிருந்து இரண்டு பெண்புலிகளைக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து ஆண்புலி வந்தது. வந்ததற்கு இருப்புக் கொள்ளவில்லை. தெற்கே, தன் ஊர்த் திசையைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டது! வயலும் கிராமமுமாக உள்ள வழி. ஒரு மாதம் வனத்துறையார் யானைகளோடு பின்தொடர்ந்து, மயக்க ஊசி போட்டுப் பிடித்து வந்தார்கள். பெண்புலியின் வாசனையைக் காட்டுப் பாதையில் தெளித்து வைத்தார்கள். அப்புறம் மாப்பிள்ளை நகரவில்லை! 2010 ஏப்ரலில் நான்கு குட்டிகள் பிறந்தன. இன்று அந்தக் குடும்பம் ஐம்பதைத் தாண்டிவிட்டதாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். அவரோ, "நூற்றுநாற்பது கோடி ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தேசத்தில் புலியை வேறு கொண்டுவந்து விடவேண்டுமா?" என்றார்.

"புலி இருந்தால்தான் காட்டுக்குக் காவல். காடு இருந்தால்தான் ஆற்றில் தண்ணீர்" என்று நான் வாயை அடைத்தேன்.

திரும்பும் வழியில், காட்டோரம் ஓர் இலுப்பை மரத்தடியில் கூடையுடன் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். என் அரைகுறை ஹிந்தியில், "புலி பயமில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"குனிந்து பூப் பொறுக்கினால் புலிக்கு நாங்களும் மான்போலத் தெரிவோமாம். அதனால் நாலைந்து பேராகச் சேர்ந்து, உரக்கப் பேசிக்கொண்டே பொறுக்குகிறோம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "போன வருஷம் என் பசுவைப் புலி அடித்துவிட்டது. பணம் ஆறு மாதம் கழித்து வந்தது. கன்று ராத்திரியெல்லாம் தாயைத் தேடிக் கத்தியது. அதற்குப் பாலுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள்.

"புலியே வேண்டாம் என்கிறாயா?"

"அதுவும் பிள்ளை பெற்றவள்தானே!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரும் பேசவில்லை.

நாங்கள் புலியைப் பார்க்கவில்லை. புலி பெருகட்டும் என்றுதான் இன்றும் சொல்லுவேன். ஆனால் பட்டணத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறவர்கள் நாம். விடியற்காலையில் குனிந்து பூப் பொறுக்குகிறவள் அவள். பசு போன மறுநாளே பணம் அவள் கைக்குப் போய்ச் சேரட்டும். அதற்கப்புறம் நாம் கை தட்டலாம்.