முத்துப் படகும் இரு காற்றும்

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் உள்ளது தூத்துக்குடி. அத்துறையிலிருந்து முற்காலத்தில் முத்துக்குளிக்கச் சென்ற வள்ளங்களுக்கு எந்திரம் இல்லை. பாயும் துடுப்புமே துணை. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் தளத்தைப் ‘பார்’ என்பர். தோலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பார்கள் கரைக்குப் பல கல் தொலைவில், பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. விடியுமுன் அங்குச் சேர்தல் வேண்டும். பொழுது சாயுமுன் கரை திரும்புதல் வேண்டும். காற்றின் போக்கறியாதார்க்கு இஃது இயல்வதன்று.

குளித்தல் என்னும் சொல் இன்று நீராடுதலையே பெரிதும் குறிக்கிறது. மூழ்குதல், உட்புகுந்து அழுந்துதல் என்பன அதன் பழம்பொருள்கள். முத்துக்குளித்தல் என்னும் தொடர் அப்பொருளைச் சிதையாமல் காத்து நிற்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டு வழங்கும் கடற்கரை மக்களின் பேச்சில் இத்தகைய செல்வங்கள் பல உள.

பருவம் தேர்தலே முதல் வேலை. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று வலுக்குமுன் உள்ள இடைக்காலத்தில் கடல் அடங்கியிருக்கும், நீரும் தெளிந்திருக்கும். ஆதலின் மார்ச்சு, ஏப்பிரல் திங்கள்களே பெரும்பாலும் இதற்கு உரியனவாயின. பல திங்கள் முன்னரே பார்களை ஆராய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவை முதிர்ந்தனவா என்று காண்பர். முதிராதிருப்பின் அவ்வாண்டு குளிப்பு இல்லை. கையெட்டும் செல்வத்தைக் காலம் வரும்வரை தொடாதிருத்தல் எளிதன்று. ஆயினும் அங்ஙனமே செய்தனர்.

நாள்தோறும் நிகழும் பயணத்தை இரண்டு காற்றுகள் நடத்தின. பகலில் நிலம் விரைந்து சூடேறும். கடல் அவ்வளவு விரைவில் சூடேறாது. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பத்தால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று கரைநோக்கி வரும். இரவில் நிலம் முந்திக் குளிர்ந்துவிடுதலால் காற்றின் திசை மாறும். நிலக்காற்று கடல்நோக்கி வீசும். நள்ளிரவை ஒட்டி எழும் அந்நிலக்காற்றில் பாய்விரித்து வள்ளங்கள் புறப்பட்டன. விண்மீன்களே வழிகாட்டி. கிழக்கு வெளுக்கும்போது பாரின்மேல் நங்கூரம் இறங்கும்.

ஓதத்தையும் கருதவேண்டியிருந்தது. அவ்வளைகுடாவில் கடலின் ஏற்றவற்றம் பெரிதன்று; ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். எனினும் நிறைமதியும் மறைமதியுமாகிய உவாநாள்களை ஒட்டி ஓதம் மிகும். நீரோட்டம் விரைந்தால் கயிறு சாயும். குளிப்பவர் குறித்த இடத்தில் இறங்க இயலாது. அடிமண் கலங்கினாலோ சிப்பி கண்ணுக்குப் புலப்படாது.

கனத்த கல்லொன்றில் காலூன்றி, மூச்சடக்கி, அவர் நீருள் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடமே அவருக்கு உரிய காலம். அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார், மேலிருப்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பவரின் கவனம் ஒரு நொடி தவறினும் கீழிருப்பவரின் உயிருக்கு இறுதி நேரும். முத்தின் விலை பேசுவோர் இந்தக் கயிற்றை நினைப்பது அரிது.

நண்பகல் நெருங்குங்கால் கடற்காற்று எழும். அப்பொழுது குளிப்பை நிறுத்திவிடவேண்டும். பாரில் சிப்பி குவிந்து கிடக்கும். இன்னும் பத்து முறை மூழ்கினால் பங்கு மிகும் என்னும் எண்ணம் எவர்க்கும் தோன்றக்கூடியதே. ஆயினும் வள்ளத்தை நடத்தும் தண்டல் அதற்கு இசையமாட்டார். காற்று வலுக்க வலுக்க அலை புரளும்; மாலையில் அதுவே தளர்ந்துவிட்டால், சுமையேறிய வள்ளத்தை, களைத்த கைகளே இருளில் துடுப்பு வலித்துக் கரைசேர்க்க நேரும். ஆதலின் நங்கூரம் எழும், பாய் விரியும், காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே தூத்துக்குடியில் இறுதியாக நிகழ்ந்தவை. சிப்பிவளம் குன்றியமையால் பின்னர் அவை நடைபெறவில்லை. அந்நாள்களில் பிற்பகலில் கரைசேர்ந்த சிப்பிகளைக் குவித்து எண்ணி, மூன்றில் ஒரு பங்கைக் குளித்தவர்க்குக் கொடுத்தனர். அரசின் பங்கு ஏலத்துக்குச் சென்றது. ஏலக்குரல் ஓயுமுன்னரே வள்ளத்தினர் மணலில் உறங்கிப்போவர். நிலக்காற்று எழுவதற்குச் சில நாழிகைகளே இருந்தன.