நெல்லுக்குக் காவல் படுத்த சித்தப்பா

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், நெல் கொட்டியிருக்கும் களத்தில் பாம்பு நடமாட்டம் அதிகமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எலி வளைகளை அடைப்பது, களத்தைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் வைத்துக்கொள்வது என்று பதிலும் நன்றாகவே இருந்தது. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் சித்தப்பா அப்படி ஒரு களத்தில் படுத்துத்தான் போனார். ஆனால் அவர் போனதை மட்டும் சொன்னால் அது அவருக்கு மரியாதை இல்லை. இருந்ததையும் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஐந்து ஏக்கர். பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு வரப்பு வந்ததே தவிர, வேலை பிரியவில்லை. மோட்டார் கொட்டகையும் ஒன்றுதான், நாற்றங்காலும் ஒன்றுதான். "அண்ணி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று காலையில் எங்கள் வாசலில் கேட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போவார். அங்கே சாப்பிடுவதா இங்கே சாப்பிடுவதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அவரிடம் ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் தெருவே வாசலில் நிற்கும். ஒருவருக்கு சர்க்கரை மாத்திரை, ஒருவருக்கு ஃபியூஸ் கம்பி, இன்னொருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டு. எல்லாவற்றையும் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். திரும்பி வரும்போது அவரவர் மீதிச் சில்லறையைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, மேலே பேர் எழுதி, சட்டைப்பையில் வைத்திருப்பார். ஐம்பது காசாக இருந்தாலும் மடிப்பு உண்டு. "நம்ம காசுல கணக்கு தப்பலாம், அடுத்தவங்க காசுல தப்பக்கூடாது பாப்பா" என்பார். எனக்கு 20 வயதான பிறகும் நான் பாப்பாதான்.

நடவு நாளென்றால் நாற்றுப் பறிக்கிற இடத்தில் முதல் ஆளாக நிற்பார். தூக்குவாளியில் டீ வாங்கி வருவது, முடிச்சு சுமப்பது, நடுவில் ராகமே இல்லாமல் ஒரு பாட்டு. நடவுப் பெண்கள் "போதும்யா, நாத்து வாடிடும்" என்று கேலி செய்வார்கள். அவர் கண்டிப்பாக இருந்தது கூலி விஷயத்தில்தான். பொழுது இறங்குவதற்குள் கூலி அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் மதியமே போய் எங்காவது புரட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஊருக்கெல்லாம் இப்படி ஓடுகிறாரே என்று சித்திக்கு வருத்தம் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் கொடுத்துக் கெட்டவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். போகும்போது கடன் வைத்துவிட்டுப் போகவில்லை.

எலிக்குக் கிட்டி வைப்பதில் அவருக்கு நல்ல கை. மூங்கிலை வளைத்து, கயிறு கட்டி, தானே செய்வார். சாயங்காலம் வைத்துவிட்டு விடிந்ததும் எடுக்கப் போவார். வயலில் சாரைப்பாம்பைப் பார்த்துப் பையன்கள் கம்பெடுத்தால் ஓடிவந்து தடுப்பார். "அது சம்பளம் வாங்காத ஆளுடா. நான் ஒரு ராத்திரி பிடிக்கிறதை அது உட்கார்ந்த இடத்துல தின்னுடும்."

2007 புரட்டாசி. போர் தண்ணீரில் போட்ட குறுவை அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டியிருந்தோம். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மழை விட்டு விட்டுப் பெய்தது. காயவைப்பதும் தார்ப்பாய் மூடுவதுமாக மூன்று நாள் ஓடியது. பக்கத்துக் குவியல், கணவனை இழந்த ஓர் அக்காவுடையது. "நீ வீட்டுக்குப் போ, புள்ளைங்க தனியா இருக்கும். நான் ரெண்டுக்கும் பார்த்துக்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, இரண்டு குவியலுக்கும் நடுவில் சாக்கை விரித்துப் படுத்தார்.

நான் அப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். மற்றதெல்லாம் சித்தி சொன்னது. பின்னிரவில் விரலில் ஏதோ எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றாராம். கையை உதறிவிட்டு மறுபடி படுத்துவிட்டார். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. முதல் நாள் இரவு சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை என்று அவரே சொல்லி, வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் கேட்டார். கண் இமை செருகிக்கொண்டே இருந்தது. மூன்று ராத்திரி தூங்காத மனிதருக்குக் கண் செருகாமல் என்ன செய்யும்? பக்கத்து ஊர் கிளினிக்கில் வயிற்றுவலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். ஒன்பது மணிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. 108 வண்டியெல்லாம் அப்போது இல்லை. வாடகைக் கார் பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. வயது 39.

அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து ராத்திரி தரையில படுத்திருந்தாரா?"

கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும் என்று அவர் அப்பாவிடம் விளக்கினார். நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பல்பட்ட தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, வீக்கம் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி வரும், இமை தொங்கும், தொண்டை அடைக்கும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு ஊசியைச் சீக்கிரம் போட்டு, தேவைப்பட்டால் செயற்கை சுவாசக் கருவியும் வைத்தால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே ஊசிதான். அதனால் எந்தப் பாம்பு என்று தேடி அடித்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடவே கூடாது.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருப்பதைப் பிற்பாடு படித்தேன். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே, அந்த மக்கள் பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்துக்கொண்டு மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டு குதிரையின் ரத்தத்திலிருந்துதான் ஊசி மருந்து தயாராகிறது. அவர்கள் உழைப்பு இருந்தும் மருந்து நம் ஆளிடம் நேரத்துக்கு வந்து சேராமல் போகிறது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையில் மூன்று மடிப்புகள் இருந்தன. ஒன்றில் 12 ரூபாய், ஒன்றில் 35, ஒன்றில் எட்டரை. மேலே பேர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி மூன்று வீட்டுக்கும் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாங்க மாட்டேன் என்று அழுதவர்களிடம், "அவர் கணக்கு, முடிச்சு விடுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த வாரம் தாளடி நடவு. யார் ஏற்பாடு செய்தார்களோ தெரியாது, விடியும்போது பதினான்கு பெண்கள் வயலில் இறங்கியிருந்தார்கள். கூலி வேண்டாம் என்றார்கள். சித்தி கேட்கவில்லை. தோட்டை அடகு வைத்த பணத்திலிருந்து பொழுது இறங்குமுன் எண்ணிக் கொடுத்தார். அன்றைக்குப் பாட்டும் கேலியும் இல்லாமல் நடவு முடிந்தது; சித்தப்பா நடவில் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை.

கொஞ்ச காலம் எங்கள் தெருப் பையன்கள் கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் அடித்தார்கள். ஒருநாள் ஒரு சாரையை வளைத்து நின்றபோது அப்பாயி திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர். "அவன் இருந்தா இதை அடிக்க விடுவானாடா? போங்க" என்றார். அதோடு நின்றது.

வாசகர் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊர் செய்வதைச் சொல்கிறேன். களத்துக்குக் காவல் போகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து கயிற்றுக் கட்டில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான்கு கட்டில் போட்டு வைத்திருக்கிறார் சித்தி. கூடவே கொசுவலை, டார்ச் லைட். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். அப்படிச் செருகினால்தான் பாம்பு உள்ளே வராது. இரவில் கையில் காலில் சுருக்கென்றால் எறும்பு என்று விட்டுவிடாமல் உடனே 108-க்குச் சொல்லிவிட வேண்டும். காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு கண் செருகினாலும் அப்படித்தான். தரையில் படுத்திருந்ததை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

இந்தக் குறுவைக்கும் கட்டில்கள் போயிருக்கின்றன. ஒன்றில் கயிறு தளர்ந்துவிட்டது என்று சித்தப்பாவின் பெரிய பையன் நேற்று இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.