மேலே பார், கண்ணா!

மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்த என் ஒன்பது வயசுப் பையன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தான். பக்கத்து வீட்டுப் பையனின் முழங்கை இடித்துவிட்டதாம். பதறிப்போய்க் கையை விலக்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பாடா என்று ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

ராத்திரி சாப்பிட்ட இட்லி அப்படியே வெளியே வந்துவிட்டது. மறுபடியும் வாந்தி. "சாயங்காலம் பஜ்ஜி தின்னானே, அஜீரணம்தாம்மா" என்று மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். அதுவும் நிற்கவில்லை. "மேலே பார்த்தாதாம்மா குமட்டுது" என்று அவன் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முகவாயைத் தூக்கினான். "ரெண்டு கடிகாரம் தெரியுதும்மா" என்றான். எனக்குத் திக்கென்றது. தலையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மட்டும் மேலே தூக்குடா" என்றேன். வலது கண் போயிற்று. இடது கண் நட்டநடுவிலேயே நின்றது!

ஆஸ்பத்திரியில் முதலில், வாந்தி என்றதும் மூளையில்தான் அடியோ என்று சந்தேகப்பட்டார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு கண் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கண்குழியின் தரை எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசாம். அதற்குக் கீழே கன்னத்துக்குள் ஒரு காற்றறை. பெரியவர்களுக்கு அந்த எலும்பு நொறுங்கும், கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கும். பலருக்கு வீக்கம் வடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம். ஆபரேஷனே தேவைப்படாமலும் போகலாம். குழந்தைகள் எலும்போ பச்சைக் குச்சி. கதவு போலத் திறந்து, பட்டென்று மூடிக்கொள்ளும். மூடும்போது கண்ணின் அடித் தசையைக் கவ்விக்கொள்ளும். கண் மேலே போகாதது அதனால்தான். அந்தத் தசை இழுபடும்போது நாடி மெதுவாகி, குமட்டலும் வருமாம். பாவம் பஜ்ஜி! வெளியே காயமே தெரியாததால் 1998-இல் இதற்கு 'வெள்ளைக் கண்' முறிவு என்றே டாக்டர்கள் பெயர் வைத்தார்களாம். கண் சிவக்கவில்லையே என்று என்னைப் போல நீங்களும் இருந்துவிடாதீர்கள்.

"ஒன்றிரண்டு நாளைக்குள் தசையை விடுவிக்கணும். தாமதித்தால் ரத்த ஓட்டம் குறைந்து தசை தழும்பாகி, இரட்டைப் பார்வை நிலைத்துவிடலாம்" என்றார். கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது. அன்று மாலையே ஆபரேஷன். கீழ் இமையின் உள்பக்கமாகச் செய்ததால் முகத்தில் தழும்பு இல்லை.

வீட்டுக்கு வந்தபின் அவனை மூக்குச் சிந்தாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது. சிந்தினால் கன்னத்துக் காற்று கண்குழிக்குள் ஏறிவிடுமாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். மாமியார் தயிரைக் கண்ணில் காட்டவே இல்லை!

இரட்டைப் பார்வை உடனே போகவில்லை. இரண்டு மாதம், மாடிப்படியில் என் கையைப் பிடித்துத்தான் இறங்கினான். பிறகு ஒருநாள் கையை உதறிவிட்டு, "ஒரே படிதாம்மா தெரியுது" என்று ஓடினான். மாடியில் பக்கத்து வீட்டுப் பையன் பந்தோடு காத்திருந்தான்.