செல்லூரில் ஒரு பெருமழை

மதுரையில் வைகையின் வடபால் அமைந்துள்ளது செல்லூர்க் கண்மாய். அது நிரம்பினால், உபரிநீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே ஓடி வைகையைச் சேரும். அவ்வாய்க்காலை ஒட்டி நடந்தால், இருமருங்கும் வீடுகள் நெருங்கி நிற்பதைக் காணலாம்.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. ஜும்ஆ முடிந்து, அஸருக்கு முன், பிற்பகல் 3 மணியிலிருந்து 15 நிமிடங்களில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாலைக்குள் 9.8 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கண்மாய் மறுகால் பாய்ந்தது. வாய்க்கால் கரைமீறி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அது செல்லும் வழியைக் குறுக்கியவர்கள் மனிதர்களாகிய நாம்தாம். வாய்க்காலில் குப்பை கொட்டியவர்கள் பலர். அரிசிப்பானையும் பாயும் நனைந்து தவித்தவர்களோ, வேறிடம் வாய்க்காத எளிய குடும்பத்தினர்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். நீர் செல்லும் பாதையும் பாதைதானே? அடுத்த பருவமழைக்கு முன், நம் தெரு வாய்க்காலிலிருந்தே அந்த நற்பணியைத் தொடங்குவோமாக!