பழநி பாதயாத்திரை: வழியெல்லாம் சொந்தக்காரங்க!

தைப்பூசம் நெருங்கினால் குன்றக்குடியிலிருந்து பழநி போகும் சாலையெல்லாம் பச்சை வேட்டிகள்தான். நகரத்தார் காவடிகளும் போகிற வழி இது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று சுமார் 150 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

முருகனைப் பார்க்கும் முன்பே மனசை நிறைத்துவிடுகிறார்கள் வழியோர ஊர்க்காரர்கள். நீர்மோர், பானகம், சுக்குக் காபி என்று வாசலிலேயே காத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பையனும் அவர்களுக்கு 'சாமி'தான்.

நத்தம் தாண்டி ஒரு கிராமம். நான் நொண்டி நடப்பதைப் பார்த்த பாட்டி ஒருவர், "திண்ணையில உக்காருங்க சாமி" என்று உப்புப் போட்ட வெந்நீரைக் காலடியில் வைத்தார். கிளம்பும்போது கொடுத்த பணத்தை வாங்கவில்லை. "மலை ஏறுறப்ப எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போடுங்க. முழங்கால் போயிருச்சு, இல்லேன்னா நானும் வந்துருவேன்" என்றார்.

எதிரே வயலோரம் அவர் மகன், யாத்ரீகர்கள் வீசிய கப்புகளையும் பாட்டில்களையும் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். "மாடு தின்னுரும்ல, அதான். சாமிங்கள என்னத்தச் சொல்றது?" என்று சிரித்தார்.

பிளாஸ்டிக் கப்புகளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் வழியெங்கும் கிடக்கின்றன.

இந்த வருஷம் நடக்கப் போகிறீர்களா? பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். மோர்ப் பானைக்கு முன்னால் அதை நீட்டுங்கள். நமக்குத் தாகம் தீரும். மறுநாள் அவர்கள் குனிந்து பொறுக்க வேண்டியிருக்காது.